கணக்குப்பிள்ளை பதில்கள்: 2,40,000 ரூபாயா, 16,000 ரூபாயா?

இந்த முறை வந்த நான்கு கடிதங்களிலும் அடிபட்ட பிள்ளையும் பணக் கவலையும்தான். முதல் கடிதத்துக்கே பக்கத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, நாங்கள் கோட்டையூர்ப் பக்கம் இருக்கிறோம். கணவர் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். வாரம் 1,800 ரூபாய் வரும். ஆலை ஓடாத வாரம் அதுவும் கிடையாது. நான் விசேஷ வீடுகளுக்குக் கைமுறுக்கும் மனகோலமும் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன தை மாதம் ஒரு சாந்திக் கல்யாணத்துக்காக இரவு அடுப்படியில் இருந்தபோது, ஏழு வயது மகள் தூக்கக் கலக்கத்தில் என்னைத் தேடி வந்து இடறி, விழாமலிருக்க இருப்புச்சட்டியின் விளிம்பைப் பிடித்துவிட்டாள். எண்ணெயும் தளும்பி உள்ளங்கையில் பட்டது. மாமியார் பதறிப்போய் மைதா மாவை அப்பினார். புண் ஆறிவிட்டது. ஆனால் தழும்பு இழுத்து, வலது கையில் மூன்று விரல்கள் மடங்கியே நிற்கின்றன. பென்சில் பிடிக்க முடியவில்லை. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு 2,40,000 ரூபாய் ஆகும் என்றார்கள். இதுவரை 18,500 சேர்த்திருக்கிறோம். கொழுந்தனார் மகளின் படத்தை வாட்ஸ்அப்பில் போடலாம் என்கிறார். வேறொருவர், தானே திரட்டித் தருவதாகவும் நூற்றுக்கு இருபது தனக்குத் தர வேண்டும் என்றும் சொல்கிறார். மாமனாருக்குக் கீரமங்கலம் பக்கம். வருகிற ஆடியில் மொய் விருந்து வைக்கச் சொல்கிறார். எதைச் செய்வது? யாரிடமும் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் 2,40,000 என்ற எண்ணைச் சிவப்பில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். காரைக்குடியில் ஒரு வியாபார நிறுவனத்தில் முப்பத்து நான்கு வருடம் பேரேடு எழுதியவன் நான். யாரோ சொன்ன தொகையை அப்படியே பற்றில் ஏற்ற எனக்குக் கை வராது. அந்தத் தொகையை அவர்கள் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்களா, வாயால் சொன்னார்களா? அறுவைக்கு எவ்வளவு, மயக்க மருந்துக்கு எவ்வளவு, படுக்கைக்கு, மருந்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொன்னார்களா? காகிதம் இல்லாவிட்டால் அந்தத் தொகையை மறந்துவிடுங்கள். ஊரில் ஒருவரிடமும் சொல்ல வேண்டாம்.

உங்கள் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2009-இல் தொடங்கி, 2012-இல் இப்போதைய பெயருக்கு மாறியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவை அது ஏற்கும். உங்கள் கணவர் ஒரு வாரம்கூட விடாமல் மூட்டை தூக்கினாலும் வருடத்துக்கு 93,600 ரூபாய்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார் இவற்றோடு சிவகங்கையில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

கிளம்புமுன் ஒரு காரியம். குடும்ப அட்டையை எடுத்து, மகள் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். என் திண்ணைக்கு விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பெரியவர்கள் பெயரெல்லாம் இருக்கும், அடிபட்ட பிள்ளையின் பெயர் மட்டும் இருக்காது. பள்ளியில் சேர்த்தபோது ஆதார் எடுத்திருப்பார்கள். அதோடு வேலை முடிந்தது என்று விட்டிருப்பார்கள். பெயர் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழோடு இ-சேவை மையத்தில் முதலில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

தழும்பு இழுத்த கையைச் சரிசெய்யும் வேலையைப் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர்கள் செய்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் பணக்காரர் மூக்கைச் சீராக்கும் வைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். இறுகிய தழும்பை வெட்டி விடுவித்து, உடம்பில் வேறோர் இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டுவது அவர்கள் அன்றாடம் செய்யும் வேலை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. சென்னை ஸ்டான்லியில் கை அறுவை சிகிச்சைக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை தீக்காயச் சிகிச்சைக்குப் பேர் போனது. முதலில் மதுரைக்குப் போங்கள். பிள்ளையோடு, பழைய சீட்டுகள் எல்லாவற்றோடும். தனியாரிடம்தான் செய்வோம் என்றால், அந்த மருத்துவமனை காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறதா, இந்த அறுவை அங்கே திட்டத்தில் வருகிறதா என்று கேளுங்கள்.

ஆடி வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம். பிள்ளையின் எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கும். தழும்பு கூடவே வளராது. நாளாக நாளாக மூட்டும் இறுகும்.

சரி, அறுவைக்குப் பணம் கேட்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் செலவே இல்லையா? இருக்கிறது. எந்த மதிப்பீட்டுக் காகிதத்திலும் அதை எழுதியிருக்க மாட்டார்கள். தோல் ஒட்டியதோடு வேலை முடிவதில்லை. விரல்களை நீட்டியே வைத்திருக்க ஒரு பட்டை கட்டுவார்கள். ஸ்பிளின்ட் என்று பெயர். பிறகு தழும்பு தடிக்காமல் அமுக்கிப் பிடிக்கும் கையுறை. மாதக்கணக்கில் விரல் பயிற்சி. ஏழு வயதுப் பிள்ளை வலிக்கிறது என்று அழும். பஸ் செலவுக்குக் கை வற்றிப்போன வாரம், ‘அடுத்த வாரம் போகலாம்’ என்று தோன்றும். அப்படி இரண்டு மூன்று வாரம் விட்டால் தழும்பு மறுபடி இழுத்துக்கொள்ளும். பணம் திரட்ட வேண்டியது இந்த நாட்களுக்காகத்தான்.

உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டேன். மதுரைக்கு மூன்று மாதத்தில் 26 நடை, பஸ்ஸும் சாப்பாடும் நடைக்கு 350 என்று 9,100. கணவர் ஆலைக்குப் போகாத மூன்று வாரம், 5,400. நீங்கள் நான்கு மாதம் அடுப்பு மூட்ட முடியாது. பலகாரத்தில் மாதம் 3,000 மிஞ்சியிருக்கும் என்று வைத்தால் 12,000. பட்டை, கையுறை, களிம்புக்கு 8,000. ஆக மொத்தம் 34,500. கையில் இருப்பது 18,500. குறைவது 16,000.

மதுரை மருத்துவர் பார்த்த பிறகு இந்தத் தொகை கூடலாம், குறையலாம். பட்டையை அங்கேயே கொடுத்துவிட்டால் குறையும். விரல் பயிற்சியைக் காரைக்குடி அரசு மருத்துவமனையிலேயே தொடரும்படி கடிதம் வாங்கிவிட்டால் 9,100-இல் பெரும்பகுதி மிச்சம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதையும் கேட்டுப் பாருங்கள். வளர வளர இன்னோர் அறுவை தேவைப்படுமா என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 16,000-ஐ யாரிடம் கேட்பது? உங்களிடம் ஆர்டர் நோட்டு இருக்கும். எந்த வீட்டுக்கு எத்தனை முறுக்கு, எத்தனை படி மனகோலம், எந்த விசேஷம் என்று எழுதியிருப்பீர்கள். அதிலிருந்து பதினாறு வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்கு 1,000. உங்கள் கைப்பக்குவம் தெரிந்த வீடுகள் அவை. பிள்ளைக்கு அடிபட்டது அவர்கள் பலகாரம் வெந்த அடுப்பில். கூச்சம் என்கிறீர்கள். நம் பக்கத்தில் நகரத்தார் கோயில் காரியத்துக்குப் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பட்டியல் போட்டு வாங்குகிறார்கள். வாங்குகிறவருக்கும் கூச்சமில்லை, கொடுக்கிறவருக்கும் இல்லை. காரியம் இன்னது, தொகை இன்னது, உன் பங்கு இன்னது என்று மூன்றும் தெரிந்திருப்பதால்தான் அப்படி. நீங்களும் ஒரு தாளில் மேலே உள்ள கணக்கை எழுதி, மருத்துவர் சீட்டின் நகலை இணைத்து, ஆச்சிமார்களிடம் நீட்டுங்கள். அழ வேண்டியதில்லை. ‘ஆர்டருக்கு முன்பணமாக வைத்துக்கொள்’ என்று யாராவது சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளை கை தேறுமுன் அவர்கள் வீட்டில் வளைகாப்பு வந்துவிடும்.

மொய் விருந்து விஷயம். மாமனார் கெட்ட யோசனை சொல்லவில்லை. அவர் பக்கத்தில் வீடு கட்டியதும் கிணறு வெட்டியதும் மொய்ப் பணத்தில்தான். ஆனால் மொய் கொடை அல்ல, கைமாற்று. அவருடைய பழைய மொய் நோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து வருடமாக அவர் மற்றவர்களுக்கு எழுதியது நிறைய இருந்தால், விருந்து வைத்து வசூலிப்பது அவர் பணத்தை அவரே வாங்குவது, தாராளமாகச் செய்யலாம். எழுதியது குறைவென்றால், பந்தலும் ஆட்டுக்கறியும் போட்டுப் புதுக்கடன் வாங்குகிறீர்கள். அதைத் திருப்பி எழுதுவது நீங்களும் உங்கள் பிள்ளைகளும். 16,000 ரூபாய்க்கு அது தேவையா?

நூற்றுக்கு இருபது கேட்டவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். படம் போடுவது பற்றி மூன்றாவது கேள்வியில் சொல்கிறேன்.

எல்லாம் தப்பி, காகிதத்தில் எழுதிய பெரிய தொகை தேவைப்பட்டாலும் வழி இருக்கிறது. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு, மதிப்பீட்டுக் கடிதத்தோடு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம் வழியாக எழுதலாம். அறுவைக்கு முன்பே எழுத வேண்டும். பணம் மருத்துவமனைக்குத்தான் போகும். இங்குள்ள அறக்கட்டளைகளிடமும் ‘மருத்துவமனைக் கணக்கில் நேரே செலுத்திவிடுங்கள்’ என்றே கேளுங்கள். உறவல்லாதவர்கள் கொடுத்தது வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டி உங்கள் கணக்கில் விழுந்தால் வருமானவரிச் சட்டம் அதையும் வருமானமாகப் பார்க்கும் என்பது பலருக்குத் தெரியாது.

மாமியாரைக் கோபிக்காதீர்கள். எங்கள் கடையில் தேநீர் கொண்டுவரும் பையன் காலில் வெந்நீர் கொட்டியபோது, கணக்குப்பிள்ளையான நான் மைக்கூட்டைக் கவிழ்த்தவன். மாவும் மையும் பற்பசையும் கூடாது, இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஓடவிட்டு, சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்தபோது வயது ஐம்பது.

கேள்வி: பள்ளத்தூர் எங்களுக்கு. ஆத்தங்குடியில் பூக்கல் (தரை ஓடு) பட்டறையில் வேலை செய்கிறேன். சைக்கிளில் போன பன்னிரண்டு வயது மகனைக் கார் ஒன்று இடித்து, தொடை எலும்பு முறிந்துவிட்டது. கார்க்காரர் தரப்பில், ‘போலீஸ் வேண்டாம், 15,000 தருகிறோம், எழுதிக் கொடுத்துவிடு’ என்கிறார்கள். மருத்துவச் செலவு தலைக்கு மேல் நிற்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வாங்காதீர்கள். கையெழுத்தும் போடாதீர்கள். எலும்பு முறிவு சட்டத்தின் கணக்கில் கொடுங்காயம். மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவில், யார்மேல் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் கேட்க முடியும். அதைவிட அதிக நஷ்டம் என்றால் 166-ஆம் பிரிவு. எதற்கும் முதல் தகவல் அறிக்கை வேண்டும். அதைத் தடுக்கத்தான் 15,000. இடித்த வண்டி எதுவென்றே தெரியாத நிலையிலும் கொடுங்காயத்துக்கு 50,000 உண்டு. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு ஆறு மாதத்துக்குள் மனுச் செய்துவிடுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் குழந்தைகளுக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள்.

மற்றவர்களுக்காக ஒரு குறிப்பு. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மருத்துவமனை வாசலில் நகையைக் கழற்றுவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

கேள்வி: தேவகோட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். வாட்ஸ்அப்பில் அடிபட்ட குழந்தைகளின் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மாதம் 1,000 ரூபாய் கொடுக்க மனம் இருக்கிறது. எது உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: டீச்சர், உண்மையான படமே பொய்யாகிவிடும் கதை ஒன்று சொல்கிறேன். 2017-இல் என் தங்கையின் பேரன் கிணற்றடி மதிலிலிருந்து விழுந்து தொடை முறிந்து கிடந்தான். செய்தியை எழுதியவன் நான்தான். கட்டுப்போட்ட கால், சோர்ந்த முகம், தங்கை மகளின் வங்கிக் கணக்கு எண் எல்லாம் போட்டேன். தேதி போடவில்லை. முப்பத்து நான்கு வருடம் தேதியில்லாமல் ஒரு வரி எழுதாத கை அன்று தவறவிட்டது. ஒன்பது நாளில் தேவையான பணம் வந்துவிட்டது, பையனும் எழுந்து நடந்துவிட்டான், செய்தி மட்டும் நடையை நிறுத்தவில்லை. மாதத்துக்கு 200, 500 என்று எங்கிருந்தோ வந்து விழும். தங்கை மகள் வங்கியில் கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பியே சலித்து, கடைசியில் கணக்கையே மூடினாள். பையன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். போன மாதம் அவனுடைய வகுப்புத் தோழன் அந்தப் படத்தை அவனுக்கே அனுப்பி, ‘முடிந்தால் உதவு’ என்று எழுதியிருக்கிறான். முகம் அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. இவன் இரண்டு நாள் கல்லூரிக்குப் போகவில்லை.

ஆகவே தேதியில்லாத செய்தியை நம்பாதீர்கள், அனுப்பாதீர்கள். எந்த மருத்துவமனை, உள்நோயாளி எண் என்ன என்று கேளுங்கள். மருத்துவமனையின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அழைத்து, அந்த நோயாளியின் கணக்கிலேயே செலுத்த முடியுமா என்று கேளுங்கள். தனிநபர் எண்ணுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் விட்டுவிடலாம்.

கோட்டையூர் அம்மாவுக்கு: மகளின் முகத்தைப் போடாதீர்கள். கையை மட்டும் போட்டால் போதும். தேதி, தேவைப்படும் தொகை இரண்டும் படத்தின் மேலேயே இருக்கட்டும். பணம் சேர்ந்த அன்றே ‘சேர்ந்துவிட்டது, இனி வேண்டாம்’ என்று அதே குழுக்களில் போடச் சொல்லுங்கள் உங்கள் கொழுந்தனாரை.

கேள்வி: கானாடுகாத்தானில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, எங்களோடு படித்தவனின் எட்டு வயது மகள் அறுவைக்காக 130 பேரிடம் 61,300 ரூபாய் திரட்டினோம். 50,000-இல் வேலை முடிந்துவிட்டது. மீதி 11,300-ஐ என்ன செய்வது என்று குழுவில் சண்டை. ஒருவன் கோயிலுக்கு என்கிறான், ஒருவன் திருப்பிக் கொடுப்போம் என்கிறான், ஒருவன் விருந்து என்கிறான்.

பதில்: விருந்து என்று சொன்னவரிடம் இனி கணக்கைக் கொடுக்காதீர்கள். விகிதப்படி திருப்பினால், 100 ரூபாய் கொடுத்தவருக்கு 18 ரூபாய் 43 காசு வரும். காசுக்கு எங்கே போவீர்கள்? கோயிலுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அவர்களே கொடுத்திருப்பார்கள்; அவர்கள் கொடுத்தது இந்தப் பெண்ணுக்கு. வரவையும் செலவையும் ஒரே தாளில் எழுதி 130 பேருக்கும் அனுப்பி, ‘மீதியைப் பிள்ளையின் மேல்சிகிச்சைக்காக வைக்கிறோம், சம்மதமில்லாதவர் பதினைந்து நாளில் சொல்லுங்கள், உங்கள் பங்கு வந்துவிடும்’ என்று கேளுங்கள். செல்வமகள் திட்டத்தில் போடலாம் என்று யாராவது கிளம்புவார்கள். நல்ல திட்டம்தான், ஆனால் நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. அஞ்சலகத்தில் சாதாரண சேமிப்புக் கணக்கு போதும்.

அப்புறம், நீங்கள் இணைத்திருந்த பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். 130 பேர் என்கிறீர்கள், தாளில் 129 பெயர்தான் இருக்கிறது. தொகையிலும் 300 ரூபாய் குறைகிறது. பெயர் விட்டுப்போனவர் யார் என்று தேடிவிட்டு அனுப்புங்கள்.